வெள்ளை பூத்த பெட்டி

“பழைய கிளஸ்டரோட சாவி எனக்கு வேணும் சார். இப்பவே வேணும்.”

திங்கட்கிழமை, பகல் மூன்று மணி. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடி. இசக்கியம்மாள் இப்படிக் கேட்டதும் கூட வேலை செய்யும் நரேன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே காதோரமாகச் சொல்லிவைத்தவன் அவன்தான்: “இங்கே லீவு கேளு, சம்பளம் கேளு, எது வேணா கேளு தீதி. சேஷ்தா கிட்டே சாவி மட்டும் கேட்காதே. முன்னாலே கேட்டவன் இப்போ சிலிகுரியிலே மொபைல் கவர் விக்கிறான்.”

சாவி என்றால் விரல் நீளத்துக்கு ஒரு யூஎஸ்பி குச்சி. அதைச் செருகினால்தான் கிளஸ்டரில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியும். அலுவலகத்தில் இருந்தவை இரண்டு. ஒன்று சேஷாத்ரியிடம், இன்னொன்று நரேனிடம். மற்றவர்கள் பார்க்கலாம், படி எடுக்கலாம். தொட முடியாது.

நரேன் ‘சேஷ்தா’ என்று கூப்பிடும் சேஷாத்ரி சிரித்தார். மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் ஊறிய குடும்பம். அந்தக் கம்பெனியின் கணினிகளுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.

“உனக்கா? நீ சேர்ந்த நாள்லேர்ந்து அந்தச் சாவியை உன் கையில நான் ஒரு நிமிஷம் கொடுத்ததில்லை. கொடுக்கவும் போறதில்லை.”

“ஒரு நிமிஷம்கூட இல்ல?”

“இல்லை. ஆத்துல படிச்சவா யாரும் இல்லைன்னா இப்படித்தான். எதைக் கேக்கணும், எதைக் கேக்கப்படாதுன்னு தெரியறதில்லை.”

“எங்க வீட்டுல படிச்சவங்க இல்ல சார். திருடினவங்களும் இல்ல.” இசக்கி திரும்பினாள். “நரேன், உன் சாவி எங்க?”

“அதுவும் சேஷ்தா கிட்டேதான். வெள்ளிக்கிழமை ராத்திரி கொடுத்துட்டுத்தான் கிருஷ்ணநகர் போனேன், மாமியார் வீட்டுக்கு. லீவுலே போறவன் சாவியை ஒப்படைக்கணும். ரூல். இன்னும் திரும்ப வாங்கலே.”

“நல்லது” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த ராஜலக்ஷ்மி கண்ணாடியைக் கழற்றினார். கம்பெனி அவருடையது. அவர் முன்னால் இசக்கியின் லேப்டாப் மூடிக் கிடந்தது. அதன்மேல் போலீசுக்கு எழுதிய புகார், அவள் பெயரோடு. ஐந்து மணிக்கு அது தாணாவுக்குப் போகும். அதே ஐந்து மணிக்குப் பழைய கிளஸ்டரின் வாடகையும் முடிகிறது. அணைத்துவிட்டால் அதில் இருந்த எதையும் யாரும் திரும்பப் பார்க்க முடியாது.

“கேட்டது கிடைக்கலை. அதுக்குப் போய் நல்லதுங்கறே?”

“மேடம், ஒரு அரை மணி நேரம் எனக்குக் கொடுங்க. அப்புறம் அந்தப் பேப்பரை எங்க வேணாலும் அனுப்புங்க.”

*

நடந்தது இதுதான்.

நகரத்து டயாலிசிஸ் மையங்களில் யாருக்கு எந்த நாள், எந்தப் படுக்கை என்று பதிவுசெய்யும் செயலி இந்தக் கம்பெனியுடையது. அந்தச் செயலி ஒரே துண்டாக இல்லை. ஒவ்வொரு வேலையும் தனக்குத் தேவையான சாமானோடு ஒரு கன்டெய்னருக்குள் அடைபட்டிருக்கும். அப்படிப்பட்ட பெட்டிகளை ஓட்டுகிற கணினிக் கூட்டம்தான் கிளஸ்டர். பழைய இடத்தில் வாடகை ஏறிவிட்டது என்று வேறு இடத்துக்கு மாற்ற முடிவானது. பழையதில் ஓடும் ஒவ்வொரு பெட்டியின் விவரத்தையும் கோப்பாக எடுத்து, பழைய இடத்து அடையாளங்களைக் கழித்து, புதிய இடத்தில் அதேபடி ஓடவைக்க வேண்டும். அந்த வேலை இசக்கியுடையது.

மாற்றுகிற வாரத்தில் பழைய கிளஸ்டரை யாரும் தொடக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. வெள்ளி மதியத்திலிருந்து தடை என்று சேஷாத்ரியே எல்லோருக்கும் எழுதியிருந்தார். சனி சாயங்காலம் ஆறு மணிக்கு எக்ஸ்போர்ட் என்றும் எழுதியிருந்தார். சொன்னபடி சனி ஆறு மணிக்கு அவள் கோப்புகளை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் ஏற்றினாள். புதிய கிளஸ்டர் ஓட ஆரம்பித்தது. மறுநாள் மஹாளயா.

அந்த ஞாயிறு மாலை காளிகாட்டைச் சேர்ந்த ஒரு டீச்சர் முதல்முறையாகத் தன் பெயரைப் பதிவுசெய்தார். திங்கள் காலை பல் தேய்ப்பதற்குள் அவருக்கு ஒரு போன். கிட்னி ஏற்பாடு செய்து தருகிறோம், உங்கள் ரத்த வகைக்கு ஆள் இருக்கிறது. டீச்சர் நேராக ராஜலக்ஷ்மிக்கே போன் போட்டுக் கத்தினார். பத்து மணிக்குப் புதிய இடத்தின் காவல் மென்பொருளும் மணி அடித்தது. பழைய இடத்தில் அப்படி ஒரு காவல் கிடையாது. பதிவுசெய்யும் பெட்டிக்குப் பக்கத்தில் ‘பல்ஸ்’ என்ற பெயரில் ஒரு சின்னப் பெட்டி. வருகிறவர்களின் பெயர், போன் நம்பர், ரத்த வகை எல்லாவற்றையும் வெளியே எங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. உடனே அதை நிறுத்தினார்கள்.

பழைய கிளஸ்டரைத் திறந்து பார்த்தார்கள். அங்கே ‘பல்ஸ்’ இல்லை.

பழையதில் இல்லை, புதியதில் இருக்கிறது, நடுவில் பெட்டி கட்டியவள் இசக்கி. பன்னிரண்டு மணிக்கு அவள் லேப்டாப்பை வாங்கிவைத்துக்கொண்டார்கள். சாப்பிடப் போகிறேன் என்று வெளியே போனவள் இரண்டரைக்குத்தான் திரும்பினாள். சாப்பிட்டு வந்த முகமாக அது இல்லை.

*

“முதல்ல சாரைக் கேக்கேன்” என்றாள் இசக்கி. “பழையது சுத்தம்னு எப்படிச் சொல்லுதீங்க?”

“இன்னிக்கு எல்லாரும் பார்த்தோமே.”

“இன்னைக்குச் சரி. நான் எக்ஸ்போர்ட் எடுத்தப்போ?”

“அப்பவும் சுத்தம். சனிக்கிழமை மத்தியானம் நானே உள்ளே போய்ப் பார்த்தேன். நீ ஆறு மணிக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கறது என் பொறுப்பு. ஒண்ணும் இல்லை.”

நரேன் சட்டென்று நிமிர்ந்தான். இசக்கி அவனைப் பார்க்கவில்லை.

“பொது இடத்துல நான் ஏத்தின கோப்பை அதுக்கப்புறம் யாராச்சும் மாத்தியிருக்காங்களா?”

“ஒருத்தரும் தொடலை. காலம்பறவே சரிபார்த்துட்டேன். நீ போட்டது போட்டபடி இருக்கு.”

“மேடம், அதைச் சுவத்து டீவியில போடுங்க.”

திரையில் எழுத்துகள் வந்தன. பதிவுப் பெட்டியின் விவரம் மேலே. கீழே ‘பல்ஸ்’.

“ஒரு பெட்டியைப் பத்தி நம்ம கையால எழுதுதப்போ நாலஞ்சு வரிதான் எழுதுவோம். பேரு, எங்கேருந்து எடுக்கணும், எந்தக் கதவு. மிச்சத்தை யாரும் எழுத மாட்டோம். கிளஸ்டருக்குள்ள போனதும் எழுதாம விட்டதை அதுவே நிரப்பிக்கிடும். பெட்டி ஓடாம செத்தா அதோட கடைசி வார்த்தையை எங்க எழுதிவைக்கணும், பெட்டியை எப்ப புதுசா எடுக்கணும்னு. இந்தா, பதிவுப் பெட்டிக்கு அடியில மூணு வரி. அடுத்ததுக்கும் மூணு வரி. எல்லாத்துக்கும் இருக்கு. வேற இடத்துக்கு அனுப்புதப்போ பிறந்த நேரம், அடையாள நம்பர் எல்லாம் கழிச்சிருவேன். இந்த மூணும் கெடுதல் பண்ணாதுன்னு விட்டுருவேன்.”

“அதனால?” என்றார் ராஜலக்ஷ்மி.

“எங்க அம்மா தூத்துக்குடியில உப்பளத்து வேலை. எந்தச் சாக்கா இருந்தாலும் உப்புக் குடோன்ல ஒரு ராத்திரி கிடந்தா அடியில வெள்ளை பூத்துரும். தட்டினாலும் போகாது. சாக்கு எங்க கிடந்துச்சுன்னு கேக்கவே வேண்டாம்.” அவள் எழுந்து திரையில் விரலை வைத்தாள். “பல்ஸுக்கு அடியில பாருங்க.”

மூன்று வரி இருந்தது.

“நான் கோப்புல சொருகியிருந்தா இது வெறும் நாலு வரியா நிக்கும். இதுல வெள்ளை பூத்திருக்கு. இது பழைய கிளஸ்டருக்குள்ள ஓடின பெட்டி. அங்க ஒரு பெட்டியைச் சேக்கணும்னா சாவி வேணும். என் கைக்கு ஒரு நிமிஷம்கூட வரலைன்னு சார் உங்க முன்னாடி ரெண்டு தடவை சொன்னாரு. அதைச் சொல்லவைக்கத்தான் சாவியைக் கேட்டேன்.”

சேஷாத்ரி குரலை ஏற்றாமல் ராஜலக்ஷ்மியிடம் சொன்னார். “மூணு வரியை யார் வேணா டைப் பண்ணலாம், ராஜி. கெட்டிக்காரப் பொண்ணு. திருடும்போதே தப்பிக்கவும் வழி பண்ணிண்டிருப்பா.”

“பண்ணலாம்” என்றாள் இசக்கி. “அதனாலதான் ஒருத்தர் கட்டுனா ஒருத்தர் எண்ணணும்னு வெச்சிருக்கோம். கித்திர்பூர் துறைமுகத்துல எண்ணுத மாதிரி. நரேன், பழைய கிளஸ்டர்ல எத்தனை பெட்டி ஓடுச்சு?”

நரேன் ராஜலக்ஷ்மியின் பக்கம் திரும்பினான். “நாற்பத்தொண்ணு. அவ கோப்புலே இல்லே மேடம், கிளஸ்டர் திரையிலே எண்ணினேன்.”

“சேஷாத்ரி, இன்னிக்குப் பழையதுல எத்தனை?” என்று கேட்டார் ராஜலக்ஷ்மி.

“நாற்பது” என்றார் சேஷாத்ரி. பிறகு, “இவன் எப்போ எண்ணினான்? சனிக்கிழமை இவன் ஊர்லயே இல்லையே. கிருஷ்ணநகர்ல உட்காந்துண்டு எண்ணினானா?”

“அதைத்தான் நானும் கேக்க வந்தேன் சார்” என்றாள் இசக்கி. “சொல்லு நரேன். கூச்சப்படாத.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம்.” நரேன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். “துர்கா பூஜோவுக்கு முந்தின சனிக்கிழமை மேடம். கரியாஹாட் கடைத்தெருவுலே அன்னிக்கு மனுஷன் நடக்க முடியுமா? ஆபீஸ் வரவே ரெண்டு மணி நேரம். எனக்கும் ட்ரெயினுக்குப் போகணும். மதியத்துலேருந்து தடை போட்டாச்சு, யாரும் எதையும் மாத்தப் போறதில்லே, இன்னிக்கு எடுத்தா என்ன, நாளைக்கு எடுத்தா என்னன்னு நான்தான் தீதி கிட்டே சொன்னேன். அவ எடுத்தா, நான் எண்ணினேன். எண்ணி முடிச்சுட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். சனிக்கிழமை அவ வீட்டுலேருந்து ஏத்த மட்டும்தான் செஞ்சா. சேஷ்தா திட்டுவார்னு சொல்லலே.”

இரண்டு பேர் செய்த சின்னச் சோம்பேறித்தனம் அது.

“வெள்ளி சாயங்காலம் நாற்பத்தொண்ணு” என்றாள் இசக்கி. “சனி மத்தியானம் சார் உள்ள போறாரு. அப்புறம் நாற்பது. நடுவுல ரெண்டு சாவியும் ஒருத்தர் சட்டைப் பையில. பல மாசமா பழையதுல ஓடுன பெட்டி புது இடத்துக் காவல்ல மாட்டிக்கிடும்னு, அதை நான் ஆறு மணிக்கு எடுக்கதுக்கு முன்னாடி சத்தமில்லாம எடுத்துரலாம்னு நெனச்சாரு. அது முந்தின நாளே என் மூட்டையில ஏறிருச்சுன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நரேனுக்குத் தெரியும். தெரிஞ்சவன் எவனும் சனிக்கிழமை போய்ச் சுத்தம் பண்ண மாட்டான். தெரியாதவர் ஒருத்தர்தான். யாரும் தொடக்கூடாதுன்னு அவரே தடை போட்டாரு, அவரே தொட்டாரு. நாங்க ரெண்டு பேரும் அந்தத் தடையை நம்பினோம். அவர் மாட்டினது அதுலதான்.”

ராஜலக்ஷ்மி மெதுவாகக் கேட்டார். “நீ எடுக்கும்போது ஏன் கவனிக்கலை?”

“பேரைப் பாத்து நாடி பிடிக்கிற பெட்டின்னு விட்டுட்டேன். அது என் தப்பு. திருட்டு என்னது இல்ல. பழைய கிளஸ்டர், நீக்கின பெட்டியோட முந்தின வடிவத்தையும் கொஞ்ச காலம் உள்ள வெச்சிருக்கும். இன்னும் நேரம் இருக்கு. சாவியைப் போட்டுத் திறக்கச் சொல்லுங்க.”

சேஷாத்ரி ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒரு ரிக்‌ஷா மணி அடித்துக்கொண்டு போனது.

“திறக்க முடியாது. மத்தியானமே அணைச்சுட்டேன்.”

“அஞ்சு மணிக்குத்தானே?” என்று கேட்டார் ராஜலக்ஷ்மி.

“வீண் வாடகை எதுக்குன்னு…” அவர் முடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு குச்சிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். “பையன் படிப்புக்கு வேண்டியிருந்தது, ராஜி” என்று ராஜலக்ஷ்மியிடம் மட்டும், மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார். எழுந்து உள்ளறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

*

நாலு மணி.

ராஜலக்ஷ்மி இசக்கியின் பெயர் எழுதிய புகாரை நாலாகக் கிழித்தார். பிறகு இரண்டு குச்சிகளில் ஒன்றை மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

“எடுத்துக்கோ. அவர் இடம் இனிமே உனக்கு. உன் வயசுல இங்கே யாருக்கும் கிடைக்காதது.”

“அவருக்கு?”

“உடம்பு சரியில்லைன்னு ரிடையர் ஆகட்டும். எங்க ரெண்டு குடும்பமும் அந்தக் காலத்துலேர்ந்து பழக்கம். நிறுத்திவெச்ச அந்தப் பெட்டியையும் இப்பவே எடுத்துடலாம். வெளியே தெரிஞ்சா ஒரு மையமும் நம்மகிட்ட இருக்காது. நரேனுக்கும் சம்பளம் இருக்காது, உனக்கும் இருக்காது. புரியறதா?”

“கிட்னிக்காரன் போன் பண்ணுதானே, அந்த ஜனத்துக்கு யாரு சொல்லுவா மேடம்? உங்க பேரு, ரத்தம், எல்லாம் வித்தாச்சுன்னு?”

“காலப்போக்குல அடங்கிடும்.”

நரேன் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். “எடுத்துக்கோ தீதி” என்றான் மெல்ல. “கேட்டதுதானே.”

இசக்கி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

“லேப்டாப்பை நீங்களே வெச்சுக்கோங்க மேடம். வெள்ளிக்கிழமை எடுத்தது அதுலதான் இருக்கு, யாரும் திறக்க வேண்டாம். போலீஸ் வந்து சீல் வெச்சு வாங்கிக்கிடும்.”

“என்ன பேசறே நீ? புகாரை இப்பத்தானே கிழிச்சேன்.”

“நீங்க எழுதினதைக் கிழிச்சீங்க. மத்தியானம் நான் சாப்பிடப் போகல. காளிகாட்டுக்குப் போனேன், டீச்சர் வீட்டுக்கு. ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம். அவங்களுக்கு வங்காளம் நல்லா எழுத வருது. நாலரைக்குத் தாணா வாசல்ல நிக்கேன்னு சொல்லியிருக்காங்க.” அவள் கதவைத் திறந்தாள். “உங்க மெயிலைப் பாருங்க. ராஜினாமா ஒண்ணரைக்கே வந்திருக்கும். இங்க நான் வந்தது என் பேர்ல இருந்த கறையைத் துடைச்சிட்டுப் போகத்தான்.”

படி இறங்கும்போது மேலே ராஜலக்ஷ்மி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதல் தடவையாக, முழுப் பெயரையும். இசக்கியம்மாள் தெருவில் இறங்கினாள். பந்தலுக்கு மூங்கில் ஏற்றிய வேன் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் பக்கவாட்டில் நுழைந்து, டீச்சர் நிற்கும் திசையில் நடந்தாள்.