நனைந்த நேரம்

"இது என்ன அநியாயம் சார்?"

மேஜைமேல் ஹெல்மெட் உருண்டது. நேரம் குறிப்பவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களைப் பார்த்ததும் அவளுக்குத் திட்ட வந்த வார்த்தை பாதியில் நின்றது... சே, இந்த நேரத்தில் இது வேறயா!

ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே சைக்கிள் ஓட்ட வேண்டும். குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு மட்டுமே அணியில் இடம். சீட்டுக் குலுக்கலில் அவள் முதலிலேயே கிளம்ப நேர்ந்தது. கொட்டோ கொட்டென்று மழை! கடைசியில் கிளம்பியவளுக்கோ பளீர் வெயில், காய்ந்த சாலை... முதலிடம்.

"கடிகாரத்துக்கு மழையும் வெயிலும் ஒண்ணுதாங்க."

"உங்களுக்குமா?"

"எனக்குக் குடை இருந்துச்சு."

சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"ஜெயிச்சது யாரு?"

"என் தங்கச்சி."

"ஓஹோ... வீட்டு விவகாரமா!"

அவன் முகம் சுண்டியது. "சீட்டு எடுத்தது உங்க கைதாங்க." பிறகு என்ன நினைத்தானோ, குரலைத் தாழ்த்தினான். "வேணும்னா கடிகாரம் மக்கர் பண்ணிடுச்சுன்னு சொல்றேன். நீங்க மட்டும் மறுபடி ஓட்டுங்க."

"பிச்சை போடறீங்களா? தலைமை நடுவர்கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. உங்க தங்கச்சி முன்னாடியே!"

ஒருத்தி மழையிலும் ஒருத்தி வெயிலிலும் ஓட்டியதைச் சொன்னான். தலைமை நடுவர் கையை விரித்தார். "மழைக்கெல்லாம் மறுபடி நடத்தினா வருஷம் பூரா நடத்திக்கிட்டே இருக்கணும்மா. முடிவு முடிவுதான்."

தங்கை அண்ணனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "கூடப் பொறந்தவளுக்கே குழி பறிக்கிறியாண்ணா?" சட்டென்று இவள் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில வாங்க. ஒரே ரோடு, ஒரே வெயில். நீங்க முந்தினா என் இடம் உங்களுக்கு!"

மறுநாள் இருவரும் ஓட்டினார்கள். நுரையீரல் வெடிக்க, தொடை கதற... உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள்.

அவன் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தான்.

"சொல்லுங்க."

"கண்ணிமைக்கிற வித்தியாசம்தான்... தங்கச்சி."

அணி போயிற்று. தலை மட்டும் தாழவில்லை. புல்லில் மல்லாந்து கிடந்த தங்கையிடம் நடந்துபோய்க் கை நீட்டினாள்.

"இன்னிக்குத் தோத்தேன். ஆனா நேத்து நான் தோக்கல. அதை எந்த நடுவர் சொன்னாலும் ஒத்துக்க மாட்டேன்!"

"நான் ஒத்துக்கறேங்க..." தங்கை மூச்சிரைத்தாள். "நேத்து ஜெயிச்சது வெயிலு."

தண்ணீர் பாட்டிலோடு அவன் வந்தான். "நீங்கதான் முந்தினீங்கன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்... நாக்கு வரல."

"வந்திருந்தா உங்க முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன்."

"இப்போ?"

"இப்போ... தினமும் முழிக்கணும்போல இருக்கு. பிடிச்சிருக்கு உங்களை. போதுமா?"

பாட்டில் நழுவியது. குனிந்து எடுக்கவும் மறந்து நின்றான்.

"நேத்தே சொல்லியிருப்பேங்க... தோத்தவளுக்கு ஆறுதல் சொல்றான்னு நினைச்சிடுவீங்களோன்னு பயம்."

அவள் காது மடல்கள் சிவந்தன. ஆனாலும் விடவில்லை.

"அடுத்த போட்டியில உங்க தங்கச்சியைத் தோக்கடிப்பேன். அப்பவும் பிடிக்குமா?"

"பிடிக்கும்... ஆனா அப்பவும் நேரத்தைச் சரியாத்தான் சொல்வேன்."