நாலாம் தொட்டியின் அதிர்வு

காலியாகக் கிடந்த நாலாம் தொட்டியின் கோடு திரையில் மெல்லத் துள்ளியது.

பசை ஆலைக்கு அன்று வார விடுமுறை. மதிய வெயிலில் கூரைத் தகரம் டக் டக்கென்று விரியும் சத்தமும், ஆறிப்போன பசையின் புளித்த வாடையும், குளிர்பெட்டியின் ஒரே சீரான முனகலும் தவிரக் கட்டுப்பாட்டு அறையில் சூப்பர்வைசருக்குத் துணை எதுவும் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கீழே, ஆறு இரும்புத் தொட்டிகள் வாய் மூடி நின்றன. அவற்றில் பொருத்திய சென்சார்கள் சூட்டையும் அழுத்தத்தையும் அதிர்வையும் கோடுகளாக அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ஐந்து தொட்டிகளின் அதிர்வுக் கோடுகள் நூல் பிடித்தாற்போலக் கிடந்தன. நான்காவது மட்டும் எழும்பியது. இரண்டு முறை. சற்று நின்று, ஒரு முறை.

எலக்ட்ரீஷியனைப் போனில் கூப்பிட்டார்.

"நாலாவதுல ஏதாவது ஓடுதாப்பா?"

"தொட்டிங்களுக்குப் போற மெயினையே இறக்கிப் பூட்டிட்டுத்தான் சார் வீட்டுக்கு வந்தேன். எலி ஓடினாத்தான் உண்டு. அதுக்கும் இன்னைக்கு லீவு."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்பும் இதே நாற்காலி, இதே கோடு. அந்தச் சென்சார் ஒரு வாரமாகப் பொய் அலாரம் அடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. "மூடிடலாமா சார்?" என்று கீழேயிருந்து கேட்டார்கள். தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கியவர் மேலே ஏறிவிட்டாரா என்று பார்க்காமலே, "மூடு" என்றார். அலாரம் அடித்தது. சனியன், மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சாயங்காலம் மூடியைத் திறந்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. தனியாக உட்கார்ந்து பதிவை ஓட்டிப் பார்த்தார். அந்த மனிதர் பதினோரு நிமிடம் தட்டியிருக்கிறார்.

விசாரணைக்கு ஆள் வருமுன் பதிவை அழித்தார். பழி, மூடியை இறுக்கிய ஆளின் தலையில் விழுந்தது. செத்தவரின் மனைவியிடம், "ஒரு நொடிதாம்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்றார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதன் பிறகு அவரால் ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக விழுங்க முடிந்ததில்லை.

ஆலையிலேயே அவளுக்குத் துப்புரவு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்போது துடைப்பத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

திரையை மறைத்தபடி எழுந்து நின்றார்.

"இன்னைக்குக் கூட்ட வேணாம்மா. வீட்டுக்குப் போ."

"சின்னவ பரீட்சைக்குப் படிக்கிறா சார். நான் வீட்டுல இருந்தா எதையாவது உருட்டிட்டே இருப்பேன். அதான்..." அவள் பார்வை அவர் தோளைத் தாண்டியது. "அது என்ன சார், குதிக்குது?"

"காத்து."

துடைப்பம் நின்றது. அவள் உதடுகள் எண்ணின.

"ரெண்டு தட்டு. கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு. அவரு எங்க வீட்டுக் கதவை இப்படித்தான் சார் தட்டுவாரு."

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் இரும்புப் படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிருந்தது.

கண்ணாடி வழியே பார்த்தார். அவள் தொட்டியில் காதை வைத்தாள்.

தட்டல் நின்றது. கோடு வேறு மாதிரி அசைந்தது. சின்னச் சின்ன நெளிவுகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. இருபது வருடமாகக் கோடு படிப்பவர் அவர். மோட்டாரின் கோடு தெரியும். கொதிப்பின் கோடு தெரியும். இது அதெல்லாம் இல்லை.

இது பேச்சு.

அவள் தலையசைத்தாள். மறுபடியும் அசைத்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓட வேண்டும். தடுக்க வேண்டும். விரல் மட்டும் போனது. பொத்தானை அழுத்தினார். அடிக்காத அலாரத்தின் வாயை அடைக்க. மீண்டும். மீண்டும்.

கோடு சொல்லிக்கொண்டே இருந்தது.

பிறகு படுத்தது.

அவள் காதை எடுத்தாள். மெல்லத் திரும்பினாள். நிமிர்ந்து, கண்ணாடிக்குள் நின்ற அவரையே பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின.

அவள் தலைக்கு மேலே, தொட்டி மூடியின் இரும்புச் சக்கரம் சுழலத் தொடங்கியது.