முழு அளவீடு

இளம்பரிதியின் முதல் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அவன் கைக்கு வரும் முன்பே வருமான வரியாகப் போயிருந்தது. ஏன் என்று கேட்டபோது மணிக்கட்டில் இருந்த வரிவளையம் ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னது: "உங்களைச் சார்ந்து யாரும் இல்லை."

அவன் மறுபடி கேட்டான். எதையும் தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்போம் என்று நினைப்பது அவன் சுபாவம். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தாலும் முதலில் தன் கூட்டலைத்தான் சந்தேகிப்பான். மூன்றாம் முறை கேட்டும் பதில் மாறவில்லை. வீட்டில் அம்மா இருக்கிறாள். பின்னலாடைக் கம்பெனியில் துணி மடித்து மடித்து விரல் தேய்ந்தவள். வேலை உத்தரவு வந்த அன்றே, இனி நீ உக்காரு, நான் பாத்துக்கறேன் என்று சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தான். அந்த அம்மாவை யாரும் இல்லை என்கிறது ஒரு பட்டை. அவனுக்குக் காது மடல் சுட்டது.

மதிய இடைவேளையில் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கணக்குப் பிரிவுக்குப் போனான். கோயம்புத்தூரில் தண்ணீர்ப் பம்புகள் செய்யும் கம்பெனி அது. அவன் சோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தான். சம்பளக் கணக்கு பார்த்தவள் பிரிசில்லா. அவனைவிட நாலைந்து வயது மூத்தவள். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் மாதக் கடைசியில் இதே முகத்தோடு வந்து நிற்பது அவளுக்குப் பழகியிருந்தது.

"சேர்ந்த அன்னைக்கே வரிக்கழிவு எதுவும் தேர்வு பண்ணாம விட்டுட்டீங்களே தம்பி. விட்டா, தனி ஆளுன்னு எடுத்துக்கும். அதுக்கு என்ன தெரியும்?"

முன்பெல்லாம் கழிவு கேட்கக் காகிதம் போதுமாம். பெற்ற அப்பாவுக்கே மாதாமாதம் வாடகை கொடுத்ததாக ரசீது எழுதி நீட்டுவார்களாம். முகமே பார்க்காத சித்தப்பாவுக்கு வைத்தியச் செலவு காட்டுவார்களாம். பொய் பெருகிப் போனதும் வரி வாரியம் காகிதத்தை ஒழித்துவிட்டு, வீட்டுக்கு வீடு சார்புமானியை மாட்டியது. கூடத்துச் சுவரில் ஒரு சிறிய பெட்டி. வீட்டில் இருப்பவர்களின் நாடி, தூக்கம், நடமாட்டம், செலவு எல்லாவற்றையும் வளையங்கள் வழியாக வாங்கிக்கொண்டு, அவர்களில் ஒருவர் இல்லாத நாளை அது கணக்கில் ஓட்டிப் பார்க்கும். அவர் இல்லாவிட்டால் மற்றவரின் நாள் எவ்வளவு குலைகிறதோ, அவ்வளவு சார்பு. சார்பு கூடினால் கழிவு கூடும்; கழிவு கூடினால் சம்பளத்தில் பிடித்தம் குறையும்.

பொதுக் கழிவை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுங்கள் என்றாள் பிரிசில்லா. கொஞ்சம்தான் கிடைக்கும், ஆனால் அளவீடு கிடையாது, தொந்தரவு கிடையாது. நிறையக் கிடைப்பது எது என்று அவன் கேட்டான்.

"முழு அளவீடு. ஒரு காலாண்டு பூரா ரெண்டு பேரும் வளையம் போட்டுக்கோணும். ஆனா அது ரெண்டு பக்கமும் பாக்கும், தெரியுமில்ல?"

"பாக்கட்டுமுங்க. சம்பாரிக்கறவன் நானு."

அவள் அவன் கையில் தொங்கிய மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்கை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, உங்க இஷ்டம் என்று சொல்லிப் பதிவு செய்தாள்.

அம்மாவின் பெயர் நிவேதா. பின்னலாடைக் கம்பெனியிலிருந்து நின்றபின் அவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் காலேஜ் விடுதியில் மெஸ்ஸை நடத்த ஆள் தேடினார்கள்; மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி எடுத்துவர வேனும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்து, ரிவர்ஸ் எடுப்பது வரை வந்திருந்தாள். வளையத்தை மாட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை அதை மகனிடம் சொன்னாள். சொல்லும்போது கை இரண்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்தது போலவே இருந்தன.

இளம்பரிதி மனதுக்குள் கணக்குப் போட்டான். அம்மா தன் காலில் நின்றுவிட்டால் சார்பு எங்கே இருக்கும்?

"இந்த அளவீடு முடியட்டும்மா. இப்ப நீ வேலைக்குப் போனா பிடித்தம் ஏறிக்கும். வீட்டுக்குத்தானே நல்லது."

"அப்ப நான் என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இரு."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மெஸ் வேலைக்கு ஆள் பார்த்துவிடுவார்கள் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

எதையும் வரிசையாகச் செய்கிறவன் ஆகையால் இதையும் அப்படியே செய்தான். கரண்ட் பில் கட்டும் வேலையைத் தான் எடுத்துக்கொண்டான். அவளுடைய வங்கிச் செயலியைத் தன் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டான். ரேஷனுக்கும் மருந்துக் கடைக்கும் தானே போனான். பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டு, அம்மா இப்போதைக்கு வரமாட்டார்கள் என்று சொன்னான். சொன்னபின் தான் செய்வது சரிதானா என்று ஒரு உறுத்தல் வரத்தான் செய்தது. வரி வாரியத்தின் மீதிருந்த கோபத்தை எடுத்து அதன்மேல் போட்டு மூடினான்.

சும்மா இருந்தவள் விடியுமுன் எழுந்து சட்னி அரைத்தாள். இரண்டு தரம் உலுக்கி அவனை எழுப்பினாள். சட்டையைத் தேய்த்து வைத்தாள், சாக்ஸின் ஜோடியைத் தேடினாள், மூச்சிரைப்பு மருந்தை அவன் பைக்குள் வைத்தாள், பஸ் தெருமுனைக்கு வந்துவிட்டதென்று ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள்.

ஒருநாள் சமையலறை பல்பு போய்விட்டது. அவன் ஆபீசிலிருந்து வந்தபோது அவள் முக்காலியில் ஏறி, பழைய பல்பைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கையில் வைத்திருந்தாள். அவன் பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"வை அங்க. பிடித்தம் ஏறிக்கும்."

அவள் இறங்கினாள். அவனுக்கு அன்று கிரிக்கெட் இருந்தது. பல்பு ஞாபகம் மறுநாள்தான் வந்தது. பல்பைப் பிடுங்கிய அன்றிரவு இருட்டுச் சமையலறையில் நின்று அவள் தோசை சுட்டாள். அடுப்புத் தீயின் வெளிச்சத்தில் அவள் முகத்தை யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள்.

காலாண்டு முடிந்ததும் மதிப்பீட்டு மையத்தில் இருவரையும் உட்கார வைத்தார்கள். அதிகாரி சிவநேசன் என்கிறவர், ஜலதோஷம் பிடித்த மனிதர், திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். முதலில் மகன் இல்லாத அம்மாவின் நாள் ஓடியது. அவள் எழுந்தாள், காபி போட்டாள், தடுக்க ஆளில்லாமல் வேன் ஓட்டினாள், மெஸ்ஸில் வேலை செய்தாள், திரும்பினாள். சாயங்காலம் வாசல் பக்கம் பார்த்தபோது நாடி கொஞ்சம் தடுமாறியது. பிறகு சீரானது. தூங்கினாள்.

"பிரியம் இருக்குதுங்க," என்றார் சிவநேசன் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "சார்பு இல்ல. ரெண்டும் வேறைங்க."

அடுத்து அம்மா இல்லாத மகனின் நாள். அவன் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டான். அழுக்குச் சட்டையோடு பட்டினியாகப் போய், மருந்தை மறந்து, மதியம் பம்பின் அழுத்தத்தைத் தப்பாகக் குறித்தான். கணக்கு நீள நீள நாள் வாரமாயிற்று. வார முடிவில் மேற்பார்வையாளர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். அதற்குமேல் ஓட்ட வேண்டிய தேவை இல்லை என்று சார்புமானி நின்றுகொண்டது.

"தம்பிக்கு வயசு இருபத்தி மூணுங்களா?" என்றார் அதிகாரி. கிண்டலாகத் தெரியவில்லை; அதுதான் அவனுக்கு அதிகம் எரிந்தது.

முடிவு சுருக்கமானது. இந்த வீட்டில் தாங்குபவர் நிவேதா, சார்ந்தவர் இளம்பரிதி. சார்ந்தவரின் வருமானத்தைத் தாங்குபவரின் வருமானத்தோடு சேர்த்துவிட வேண்டும், குழந்தையின் பெயரில் வரும் பணத்தைப் பெற்றோர் கணக்கில் சேர்ப்பது போல. இனி அவன் சம்பளம் அவள் கணக்குக்குப் போகும். கழிவும் அவளுக்கே.

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். இது கொள்ளை என்றான், கருவி பழுது என்றான், மறு அளவீடு வேண்டும் என்றான். "சம்பாரிக்கறது நானுங்க! என்ற பேருக்குத்தானே சம்பளம் வருது!"

"வருதுங்க. உங்கள ஆபீசுக்கு அனுப்பி வெக்கறது யாருங்க?"

வெளியே வந்ததும் அம்மா நடையை நிறுத்தினாள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"சும்மா இரு, சும்மா இருன்னு சொன்னியே. நான் என்னைக்குடா சும்மா இருந்தேன்? அந்தப் பொட்டிக்குத் தெரியுது, உனக்குத் தெரியலியா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் அதற்குள் பயிற்சிப் பள்ளி இருந்த பக்கம் நடந்துவிட்டாள்.

மெஸ் வேலைக்கு விடுதிக்காரர்கள் பார்த்த ஆள் நிலைக்கவில்லை. மாதம் திரும்புமுன் நிவேதாவே வேன் சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் சம்பளம், அவன் சம்பளம் இரண்டும் ஒரே கணக்கில் விழுந்தன. சார்ந்தவர் ஒருவர் இருந்ததால் பிடித்தம் வெகுவாகக் குறைந்தது. அவள் அவனுக்குப் பஸ் செலவுக்கும் டீ செலவுக்கும் கணக்காகக் கொடுத்தாள்.

அவனுக்குள் கோபம் வேகாத பருப்பு மாதிரி கிடந்தது. அடுத்த அளவீட்டில் காட்டுகிறேன் என்று அலாரம் வைத்து எழுந்தான். பஸ்ஸுக்குத் தானே போய் நின்றான். மூச்சிரைப்பு மருந்தை நினைவாக எடுத்துவைத்தான். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டான்; மூன்றாம் நாள் கஞ்சியும் சோறும் தனித்தனியாக வந்தன. அன்று அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தான்.

அம்மா பின்னால் வந்தாள். மெஸ்ஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையில் வேன் சாவி தொங்கியது. கூடத்துச் சுவரில் சார்புமானியின் பச்சை விளக்கு, புதிய காலாண்டுக்காக எரியத் தொடங்கியிருந்தது. அவள் குழாயை மூடினாள். தட்டை அவன் கையிலிருந்து மெல்ல, ஆனால் விடாமல், வாங்கினாள்.

"வை அங்க," என்றாள். "பிடித்தம் ஏறிக்கும்."