லொறிக்குப் பாதி இலை

லொறி தட்டின் அருகே வந்தது. மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. பால்சோற்றை ஒருமுறை நக்கியது.

யதுஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'சாப்பிடு, சாப்பிடு' என்று மனதுக்குள் சொன்னாள்.

இரண்டாவது முறை நக்கியதும் லொறி சட்டென்று பின்வாங்கியது. வாலைச் சுருட்டிக்கொண்டு சோபாவுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டது.

"அம்மா! இண்டைக்கும் சாப்பிடேல்லை!"

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நேற்று பருப்புச் சோறு வேண்டாம். முந்தநாள் பிட்டு வேண்டாம். இண்டைக்குப் பால்சோறும் வேண்டாமாமோ? நான்தான் கந்தசஷ்டி விரதம் எண்டு பார்த்தால், உன்ர நாயும் எனக்குப் போட்டியாய் விரதம் பிடிக்குது!"

வேறு நாளாக இருந்தால் யதுஷா சிரித்திருப்பாள். இன்று அவளால் சிரிக்க முடியவில்லை. சோபாவுக்குக் கீழே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

லொறி ஒரு நாய்க்குட்டி. மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. யதுஷாவின் அப்பா ஒருகொடவத்தையில், சரக்குப் பெட்டகங்கள் அடுக்கும் ஒரு கொண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறார். மூன்று வாரங்களுக்கு முன் அங்கிருந்துதான் அதை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து வெள்ளவத்தையிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவந்தார். "லொறிக்குக் கீழ கிடந்தது" என்று அவர் சொன்னார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வந்த அன்றே யதுஷா தன்னுடைய எவர்சில்வர் தட்டை எடுத்து அதற்குக் கொடுத்தாள். அவளுடைய முதலாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த தட்டு அது. விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருந்தது.

"நாய்க்கு ஏன் பிள்ளை உன்ர தட்டு?" என்று அம்மா கேட்டார்.

"அது எங்கட வீட்டுக்கு வந்த விருந்தாளி எல்லோ அம்மா!"

அம்மா விட்டுக்கொடுத்தார். ஆனால் ஒரு சட்டம் போட்டார். "சரி. ஆனால் அந்தத் தட்டிலதான் சாப்பிட வேணும். நிலத்தில பொறுக்கித் தின்னப் பழக்கக் கூடாது."

சட்டம் லொறிக்குப் புரியவில்லை. தட்டில் வைத்ததைத் தொடாது. மேசையிலிருந்து விழுந்த இடியப்பத்தைப் பொறுக்கும். அப்பா தேநீரோடு கடித்த பிஸ்கற்றின் தூளை நக்கும். தட்டோடு வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது. குளியலறைக்குள் ஓடிப்போய் பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விடும்.

"ராசா மாதிரித் தட்டு வைச்சால், இது வாளியில குடிக்குது!" என்று அம்மா தலையில் கைவைத்தார்.

செவ்வாய்க்கிழமை கந்தசஷ்டி தொடங்கியது. அம்மா வீடு முழுவதையும் மஞ்சள் தண்ணீரால் கழுவினார். அதன்பிறகு காலையும் மாலையும் கூட்டித் துடைத்தார். தரையில் ஒரு பருக்கை இல்லை, ஒரு தூள் இல்லை.

அந்த வாரம்தான் லொறி மெலியத் தொடங்கியது.

வியாழக்கிழமை அப்பா அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். அவர் சிங்களவர். ஆனாலும் யதுஷாவுக்காகத் தமிழில் சொன்னார்.

"காய்ச்சல் இல்ல மகள். பல்லு நல்லம், வயிறு நல்லம். இவர் சாப்பாட்டில கொஞ்சம் செல்லம் போல. கையால ஊட்ட வேணாம், பிறகு அதையே பழகும்."

அவர் சேலைன் ஏற்றினார். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, அதனால் குளுக்கோஸ் தண்ணீர் பருக்கச் சொன்னார். "திங்கட்கிழமையும் சாப்பிடாட்டி எனக்குப் பயம்தான்" என்று அப்பாவிடம் மெல்லச் சொன்னார். அது யதுஷாவுக்குக் கேட்டுவிட்டது.

இன்று சனிக்கிழமை.

தொடப்படாத பால்சோற்றை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யதுஷாவின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது."

"என்ன அப்பா?"

"யார்டில இருக்கேக்க இது எப்பிடியோ திண்டு உயிரோட இருந்தது. எங்கட சாப்பாடு இதுக்கு ஒத்துவரேல்லைப் போல. திங்கட்கிழமை காலமை வேலைக்குப் போகேக்க திருப்பிக் கொண்டுபோய் விடுறன்."

"அங்க பெரிய பெரிய லொறி எல்லாம் ஓடும்! இது குட்டி அப்பா! கொண்டு போகாதேங்கோ!"

"இங்க பட்டினி கிடந்து செத்தால் என்னம்மா செய்யிறது?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதனால் யதுஷாவுக்கு அவரோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

அந்த நேரம் கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று தடதடவென்று போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லொறி காதைக்கூட அசைக்கவில்லை.

"ரயிலுக்கே பயமில்லாத நாய்" என்றார் அம்மா. "சோத்தைக் கண்டால்தான் பயம்."

பின்னேரம் யதுஷா மதிலோரம் உட்கார்ந்திருந்தாள். மதிலுக்கு மேலே ஒரு தலை எழும்பியது. அடுத்த வீட்டு அர்பா. யதுஷாவின் வகுப்புத்தான். அவர்கள் வீட்டில் யாரும் நாயைத் தொடுவதில்லை. அதனால் அர்பா கதிரையில் ஏறி நின்று, மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே லொறியோடு கதைப்பாள்.

"இன்னும் சாப்பிடலியா?"

யதுஷா தலையை ஆட்டினாள். திங்கட்கிழமை நடக்கப்போவதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அர்பா கதிரையிலிருந்து குதித்து, "உம்மா! உம்மா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் அர்பாவின் தாயார் லுத்பியா வந்தார்.

"அழாத புள்ள. யார்டுல வேலை செய்றவங்க மீன் தலையப் போட்டு வளர்த்திருப்பாங்க. அந்த ருசிக்குத்தான் ஏங்குதோ தெரியல்ல. நான் உப்புப் புளி இல்லாம ஒரு துண்டு அவிச்சுத் தாறேன்."

"அன்ரி, எங்கட வீட்டில சஷ்டி..."

"தெரியும் புள்ள. உள்ளுக்குக் கொண்டு போக வேணாம். கேற்றுக்கு வெளியே வெச்சுக் குடுங்க."

அரை மணி நேரத்தில் மதில் மேல் ஒரு பொலித்தீன் பை வந்தது. அவித்த மீனும் சோறும். நாயின் பக்கமே வராத அன்ரி, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தந்திருந்தார்.

யதுஷாவுக்கு அம்மாவின் சட்டம் நினைவுக்கு வந்தது. தட்டில்தான் சாப்பிட வேண்டும். அவள் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு கேற்றுக்கு வெளியே ஒழுங்கைக்கு வந்தாள். சீமெந்தின் மேல் வைத்து மீன் சோற்றைக் கொட்டினாள்.

லொறியின் வாயிலிருந்து எச்சில் வடிந்தது. கால்கள் நடுங்க நடுங்க ஓடி வந்தது. ஒரு துண்டு மீனைக் கவ்வி இழுத்தது.

தட்டு சீமெந்தில் கிறீச்சென்று நகர்ந்தது.

லொறி மீனைப் போட்டுவிட்டு ஓடியது. ஓடிப்போய் கேற்றுக்குப் பின்னால் சுருண்டுகொண்டது. எங்கிருந்தோ வந்த பூனையொன்று அந்த மீனைத் தூக்கிக்கொண்டு மதில் தாவியது.

"மீனும் வேணாமாம்!" என்றாள் அர்பா மதில் மேலிருந்து.

"யது! அங்க என்ன செய்யிறாய்?"

அம்மா வாசலில் நின்றார். தட்டைப் பார்த்தார். தட்டில் இருந்த மீனைப் பார்த்தார்.

யதுஷா தட்டின் முன்னால் வந்து நின்றாள். "அம்மா... வீட்டுக்குள்ள கொண்டு வரேல்லை. வெளியில வைச்சுத்தான்... அதுவும் தின்னேல்லை அம்மா."

ஐந்து நாள் விரதத்தில் அம்மாவின் முகம் வாடியிருந்தது. அவர் மெல்லக் குனிந்து யதுஷாவின் கண்ணைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"ஒரு உயிர் பசியில கிடக்கேக்க செய்தது. முருகன் கோவிக்க மாட்டார். தட்டை மட்டும் வெளிப் பைப்பில நல்லாத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு வா."

ஞாயிறு மாலை சூரசங்காரம். கோயிலில் நிற்க இடமில்லை. யதுஷா கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள். 'லொறி என்னோடேயே இருக்க வேண்டும்' என்று கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்கும்போது வார்த்தை மாறிவிட்டது.

'எங்கே இருந்தாலும் பரவாயில்லை. அது சாப்பிட வேண்டும்.'

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே வீட்டில் வெளிச்சம் எரிந்தது. ஆறு நாள் விரதத்தை முடிக்கும் பாறணை அன்று. காலையிலேயே சோறும் கறியும் வாழையிலையில் பரிமாறிச் சாப்பிட வேண்டும். அம்மா நான்கு மணிக்கே எழுந்து சமைத்துக்கொண்டிருந்தார். மூன்று இலைகள் கழுவிக் காத்திருந்தன.

கதவருகே அந்தப் பழைய அட்டைப்பெட்டியும் காத்திருந்தது. அப்பா அதற்குள் ஒரு துவாயை மடித்து வைத்திருந்தார்.

யதுஷா பாடசாலைச் சீருடையோடு நிலத்தில் உட்கார்ந்து, லொறியை மடியில் வைத்திருந்தாள். அதன் விலா எலும்புகளை விரலால் எண்ணலாம் போலிருந்தது. ரயில் ஒன்று தடதடத்துப் போனது. லொறி கண்ணைத் திறக்கவில்லை.

குசினியில் அம்மாவின் கை தவறியது. ரசப் பானையின் எவர்சில்வர் மூடி கீழே விழுந்தது.

'டங்!'

லொறி வீரிட்டது. மடியிலிருந்து பாய்ந்து விழுந்து, அட்டைப்பெட்டிக்குப் பின்னால் பதுங்கியது. அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது.

"ஐயோ, துடைச்ச வீடு!" என்றார் அம்மா.

யதுஷா அசையாமல் இருந்தாள். அவ்வளவு பெரிய ரயிலுக்குப் பயமில்லை. இந்தச் சின்ன மூடிக்கு இவ்வளவு பயமா?

அவள் மெல்ல எழுந்து தன் பெயர் வெட்டிய தட்டை எடுத்தாள். விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினாள்.

'டிங்.'

லொறியின் காதுகள் தலையோடு ஒட்டிக்கொண்டன.

"அப்பா!" யதுஷா தட்டைப் பிடித்தபடி திரும்பினாள். "லொறியை நீங்கள் எடுக்கேக்க யார்டில என்ன நடந்தது?"

சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "என்ன நடந்தது? அண்டைக்கு ஒரு கொண்டெய்னரின்ர இரும்புக் கதவு கழண்டு விழுந்தது. பெரிய சத்தம். கிட்டப் போய்ப் பார்த்தால், பக்கத்தில நிண்ட லொறிக்குக் கீழ இது நடுங்கிக்கொண்டு..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்திவிட்டார். யதுஷாவின் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"அதுக்குச் சாப்பாடு பிடிக்காமல் இல்லை அப்பா! தட்டுத்தான் பயம்! நக்க நக்கத் தட்டு நகருது, சத்தம் போடுது. அதுதான் நிலத்தில விழுந்த இடியப்பத்தைத் திண்டது. வாளி பிளாஸ்டிக், அதுதான் அதில தண்ணி குடிச்சது. சஷ்டிக்கு அம்மா ஒரு தூள் இல்லாமல் துடைச்சவ. பிறகு அதுக்கு என்ன இருக்கு?"

அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் அகப்பை.

"இவ்வளவு நாளும் சோத்தை மாத்தி மாத்தி வைச்சம்" என்றார் மெல்ல. "ஒருக்காலும் தட்டை மாத்தேல்லை."

வெளியே ஹோர்ன் சத்தம். அப்பாவை ஏற்றிப்போகும் வான் வந்துவிட்டது.

யதுஷா யோசிக்கவில்லை. தன்னுடைய வாழையிலையை எடுத்தாள். நடுநரம்போடு இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியைக் கீழே விரித்தாள்.

"பிள்ளை, அது விரதம் முடிக்கிற..." என்று அம்மா தொடங்கினார். முடிக்கவில்லை. சோற்றுப் பானையோடு வந்து குனிந்தார். ஆறு நாள் பசியோடு இருந்த அம்மா, முதல் அகப்பைச் சோற்றை அந்தப் பாதி இலையில் வைத்தார். கொஞ்சம் பருப்பை ஊற்றித் தன் விரலாலேயே பிசைந்து ஆற வைத்தார்.

மூவரும் தள்ளி நின்றார்கள்.

லொறி பெட்டிக்குப் பின்னாலிருந்து மூக்கை நீட்டியது. ஒரு அடி வைத்தது. நின்றது. இன்னொரு அடி. இலையருகே வந்து ஒருமுறை நக்கியது. உடனே பின்னுக்கு ஒரு பாய்ச்சல்!

யதுஷா அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இலை நகர்ந்தது. ஆனால் சத்தம் போடவில்லை.

லொறி இலையைப் பார்த்தது. மறுபடி வந்தது. ஒரு வாய். இன்னொரு வாய். பிறகு அது தலையைத் தூக்கவே இல்லை.

ஹோர்ன் இரண்டாவது தடவை அடித்தது. அப்பா வெறுங்காலோடு வெளியே ஓடினார். "மல்லி, விநாடி பஹக்!" என்று சாரதியிடம் சிங்களத்தில் ஐந்து நிமிடம் கேட்டு, ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார். திரும்பி வந்தவர், அட்டைப்பெட்டியைத் தூக்கி யதுஷாவிடம் நீட்டினார்.

"இந்தா. இனி இதுதான் அதின்ர படுக்கை. சோபாவுக்குக் கீழ படுக்க விடாதை."

பட்டினி கிடந்த வயிறு என்பதால் அம்மா இரண்டாவது அகப்பை போடவில்லை. லொறி சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு இலையின் ஓரத்தைக் கடித்து இழுத்து, மென்று விழுங்கத் தொடங்கியது.

"எடு பிள்ளை, எடு!" அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "சாப்பாட்டில செல்லமாமே! இது இலையையும் விடுதில்லை!"

மதிலுக்கு மேலே அர்பாவின் தலை எழும்பியது. தலைவாரக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள். "சாப்பிட்டதா?"

"சாப்பிட்டது!" என்று யதுஷா கத்தினாள்.

அந்தப் பக்கம், "உம்மா! சாப்பிட்டதாம்!" என்ற குரல் வீட்டுக்குள் ஓடியது.

யதுஷா சம்மணம் கட்டி உட்கார்ந்தாள். மிஞ்சிய பாதி இலையில் அம்மா அவளுக்குச் சோறு போட்டார். இடம் போதாமல் கறிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இத்தனை நாளுக்குப் பிறகு அவளுக்கும் அன்றுதான் நன்றாகப் பசித்தது.