டீசல் லைனில் காத்து

பகல் பதினோரு மணிக்கு மெக்கானிக் டூல் பெட்டியோடு படகுத்துறைக்கு வந்து சேர்ந்தான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மரப்பலகைப் பாதையின் கடைசியில், மற்றவற்றிலிருந்து ஒதுங்கி, மச்சானின் பழைய பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்துப் படகுகள் எல்லாம் அலைக்கு ஆடின. இது ஆடவில்லை. அடியில் தரை தட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். தொழில் தெரிந்தவர்களிடம் இதுதான் தொல்லை. எதைப் பார்த்தாலும் கையில் ஒரு காரணம் தயாராக வைத்திருப்பார்கள்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளையை ஓசி மெக்கானிக்காகவே பாவித்து வருபவர். கார் ஆயிற்று, ஜெனரேட்டர் ஆயிற்று, தண்ணீர் மோட்டார் ஆயிற்று. இப்போது படகு. சல்லிசாகக் கிடைத்ததாம். ஏன் சல்லிசாகக் கிடைத்தது என்பதைப் பற்றி மட்டும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"வாங்க மாப்ள. ஸ்டார்ட் ஆகுது, பத்து நிமிஷம் ஓடுது. அப்புறம் இழுப்பு வந்த ஆள் மாதிரி இழுத்து இழுத்து நின்னுடுது. அரை நாள்ல முடிச்சிடுவீங்கல்ல?"

"பாத்தாதானே மச்சான் தெரியும். எறங்கினதும் சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா?"

"கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு, குழாய்ல கீழாய்ல வாயை வெச்சுடாதீங்க. தங்கச்சி என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடுவா."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. போன வருஷம் அவன் ஒரு லாரியின் டீசலை வாயால் உறிஞ்சப்போய், அது வயிற்றுக்கு இறங்காமல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. இடது நுரையீரலின் கீழ்ப்பாதி செத்துவிட்டது, இன்னொரு தடவை உள்ளே போனால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த அன்றே மனைவி ஏழு மாதக் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டு, அதன் தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். மாடிப்படி ஏறினாலே அவனுக்கு மேல்மூச்சு வாங்கும். மிச்சமிருக்கும் ஒன்றரை நுரையீரலை வைத்துக்கொண்டு குழந்தையை வளர்த்து ஆளாக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

படகின் அறைக்குள் இறங்கும் சின்ன ஏணிக்குப் பின்னால்தான் இன்ஜின் இருந்தது. ஏணியை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றினான். வெளியே உச்சி வெயில். உள்ளே இருட்டு.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை நுழைத்தான். டீசல் நாற்றம், தேங்கிய தண்ணீரின் அழுகல் நாற்றம், இரண்டும் தெரிந்தவைதான். அவற்றுக்கு அடியில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. புளித்த, வெதுவெதுப்பான ஒரு வாடை. எங்கோ முகர்ந்த வாடைதான். எங்கே என்று பிடிபடவில்லை.

இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். மேலே, சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் சின்ன லீவர் துருவேறி இறுகியிருந்தது. மற்றபடி பழுதில்லை. டேங்கிலிருந்து வரும் குழாயைத் தடவிக்கொண்டே போனான். டேங்க் அடைப்பான் சரி. ஃபில்டரை வாங்கியே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஃபில்டர் தலையில் இருக்கும் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, டீசலை இழுக்கும் பம்பின் கை லீவரை அடித்தான். டீசலோடு நுரை கொப்புளித்துக்கொண்டு வந்தது.

"அதானே பாத்தேன்" என்றான் தலையை வெளியே நீட்டி. "காத்து புடிச்சிருக்கு மச்சான்."

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. "என்னது? காத்தா?"

"அட, அந்தக் காத்து இல்ல மச்சான்! டீசல் லைன்ல பூந்த காத்து. எங்கயோ ஒரு ஜாயிண்ட் லூசு. டீசலுக்குப் பதிலா காத்தை இழுக்குது, இன்ஜின் நின்னுடுது. காத்தை எடுத்துட்டா ஓடும்."

மச்சான் சிரிக்கவில்லை. மேலே போய், நல்ல வெயிலில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு டீ கொண்டுவந்து கொடுக்கக்கூட ஆள் இறங்கவில்லை. வேலை வாங்கத் தெரிந்தவருக்கு உபசாரம் தெரியவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

அரை மணி நேரம் அடித்தான். நுரை நிற்கவில்லை. ஜாயிண்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். செம்பு வாஷர்களை மாற்றினான். பிறகு பழைய குழாயை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்ப்பதற்காகத் தன் பெட்டியிலிருந்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயை மாட்டினான். டேங்கையே நம்பாமல், ஒரு கேனில் புது டீசல் ஊற்றி, குழாயின் நுனியை அதில் முக்கினான். புது டீசல், புதுக் குழாய், புதுக் கிளாம்ப். இனி காற்று புகுவதற்கு வழியே இல்லை.

பம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு டார்ச்சை அடித்துப் பார்த்தான்.

குழாய்க்குள் விரல் நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி. அது பம்பிலிருந்து கேனை நோக்கி நகர்ந்து வந்தது. நின்றது. பிறகு பம்புக்கே திரும்பிப் போனது.

யாரும் பம்பை அடிக்கவில்லை.

வந்தது. நின்றது. போனது.

படகு ஆடுவதால் இருக்கும் என்று நினைத்தான். உடனே, இந்தப் படகு ஆடவில்லையே என்பது ஞாபகம் வந்தது. கையில் இருந்த காரணம் முதல்முறையாகத் தீர்ந்துபோயிற்று. தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தான். நிமிஷத்துக்குப் பதினாறு தடவை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தினமும் அவன் கட்டில் ஓரத்தில் நின்று எண்ணி எழுதிக்கொண்டு போன கணக்கு அது. தூங்குகிற மனிதன் விடும் மூச்சு.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்?" மேலிருந்து மச்சானின் குரல். "முடியலன்னா சொல்லிடுங்க. துறையில இன்னொருத்தன் இருக்கானாம், கெட்டிக்காரனாம். அவனைக் கூட்டியாந்துடறேன்."

மனிதனுக்குப் பயத்தைவிடப் பெரிய சனியன் ரோஷம். ஓசியில் வேலை வாங்குகிறவன் வாயால் இன்னொருத்தனைக் கெட்டிக்காரன் என்று கேட்டதும் மெக்கானிக்கின் காது சூடேறியது. பம்பை ஆத்திரத்தோடு நாலு அடி அடித்தான். உள்ளே இருந்த ரப்பர் சவ்வு கிழிந்து, லீவர் தொளதொளவென்று கையோடு வந்தது. மாற்றுச் சவ்வு இல்லை. இனி டீசலை இன்ஜின் வரைக்கும் கொண்டுவர ஒரே ஒரு வழிதான் இருந்தது. கேனை உயரத்தில் தூக்கிக் கட்டி, குழாயின் மறு நுனியில் வாயை வைத்து ஒரு இழு இழுத்துவிட்டால், பிறகு டீசல் தானாக இறங்கும்.

ஒரே இழு. நுனி நாக்கில் பட்டதும் எடுத்துவிட்டால் போயிற்று. மகளின் தலை அவன் உள்ளங்கையில் ஒரு கணம் இளஞ்சூடாக இருந்தது. கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, குழாயை வாயில் வைத்தான்.

இழுத்தான்.

டீசல் வரவில்லை. காற்று வந்தது.

அது தானாக வந்தது. யாரோ முகத்துக்கு நேராக நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, அவன் வாய்க்குள் கொட்டாவி விட்டதுபோல் வந்தது. வெதுவெதுப்பாக, புளிப்பாக, நிறுத்தாமல், தொண்டையைத் தாண்டி, நெஞ்சின் இடப்பக்கத்துக்கு நேராக இறங்கியது. அந்த மூன்றாவது வாடை எதுவென்று அப்போதுதான் பிடிபட்டது. பல நாள் மூடிக்கிடந்த மனித வாயின் வாடை.

குழாயைத் துப்பினான். பின்னாலேயே டீசல் சுத்தமாக, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒழுகியது. இருமல் வரும் என்று பயந்தான். வரவில்லை. குழாயை இன்ஜினில் மாட்டி, திருகை இறுக்கினான். எப்படியாவது முடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான்!"

ஒரே சாவியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. டுக், டுக், டுக் என்று அழகான சத்தம். பத்து நிமிஷம் ஆனது. பதினைந்தும் ஆனது. மேலே மச்சான் கையைத் தட்டினார்.

"போதும், நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன் மாப்ள."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்தற கம்பியை இழுங்க!"

"இழுத்துட்டேன். கம்பி என் கையில இருக்கு!"

மெக்கானிக் டீசல் குழாயையே பிடுங்கி எறிந்தான். இன்ஜின் நிற்கவில்லை. வேகம் ஏறியது. சத்தம் அலறலாக மாறியது, பலகைகள் அதிர்ந்தன. சில நேரம் டீசல் இன்ஜின் தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு இப்படித் தறிகெட்டு ஓடும். விட்டால் வெடித்துச் சிதறும். காற்றை அடைப்பதுதான் வைத்தியம். கழற்றிவைத்த பலகையை எடுத்து, இன்ஜின் காற்றை இழுக்கும் வாயில் வைத்து அழுத்தினான். பலகை பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

இன்ஜின் ஓடியது.

அவனுக்கு மூச்சு வரவில்லை.

தொண்டை அடைக்கவில்லை, இருமல் இல்லை. மூச்சை இழுத்தால் வரவில்லை, அவ்வளவுதான். பலகையை நெம்பி எடுத்தான். மூச்சு வந்தது. மறுபடி அடைத்தான்.

மூச்சு நின்றுபோயிற்று.

டுக், டுக், டுக். ஒவ்வொரு அடிக்கும் தன் நெஞ்சுக்கூடு ஒரு விரற்கடை உள்ளே போவதைச் சட்டைக்கு மேலாகவே பார்த்தான். இன்ஜின் அவனைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

எடுத்தால் வெடிக்கும். அடைத்தால் சாவான். அவனுக்குப் பயம் வந்தது, குழந்தைக்கு வருவதுபோல் முழுப் பயம். "மச்சான்" என்று கூப்பிடப் பார்த்தான். கூப்பிடுவதற்கும் காற்று வேண்டுமே. மேலே தடதடவென்று கால்கள் ஓடி, படகைவிட்டுத் துறையில் குதிக்கும் சத்தம் கேட்டது. பாசக்கார மச்சான்.

முழங்காலால் பலகையை அழுத்திக்கொண்டு, கைக்குக் கிடைத்த ஸ்பேனரால், அழுத்தத்தைத் திறந்துவிடும் அந்தத் துருப்பிடித்த லீவரை அடித்தான். அசையவில்லை. கண் இருண்டது. இரண்டாவது அடி. ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மூன்றாவது அடி.

லீவர் எழும்பியது. புஸ்ஸென்று அழுத்தம் இறங்கி, இன்ஜின் நின்றது.

மூச்சு வந்தது. கேவிக் கேவி இழுத்து, நெஞ்சு நிறைந்து, வெளியே விட்டபோது அதோடு ஒரு சொல்லும் வந்தது.

"அப்பாடா."

கரகரத்த, கிழட்டுக் குரல். அவன் உதட்டிலிருந்துதான் வந்தது. அவன் சொல்லவில்லை.

மேலே ஏறி வந்தவனைப் பார்த்து மச்சான் துறையிலேயே நின்று அழுதார். "முன்னாடி வெச்சிருந்தவர் இதுக்குள்ளயேதான் தனியா குடியிருந்தாராம் மாப்ள. பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சாங்களாம். இன்ஜின் பொந்துக்குள்ள தலை. வாயில டீசல் குழாய். சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு..."

அவரை ஓங்கி ஒன்று விடவேண்டும் என்று மெக்கானிக்கின் கை துடித்தது. டூல் பெட்டியைக்கூட எடுக்காமல் நடந்தான். துறைப்பாதையின் முடிவில் முப்பது படிகள். ஏறி முடித்த பிறகுதான் தனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதைக் கவனித்தான்.

டீசல் நாற்றத்தை மனைவியிடம் மறைக்க முடியுமா? வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, போன வருஷத்துப் படத்தோடு வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆச்சரியமா இருக்கும்மா. இந்த இடது பக்கம் அடியில காத்தே போகாம இருந்துச்சு. இப்ப முழுசா போகுது. இப்படி நான் பாத்ததே இல்ல."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்தான் தெனம் வேண்டிக்கிட்டிருந்தேன் டாக்டர்" என்றாள். குழந்தை அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து அது அவனிடம் வரவில்லை.

"சட்டையைக் கழட்டுங்க. ஒருதரம் கேட்டுடறேன்." டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை இடது விலாவில் வைத்தார். "நல்லா இழுங்க... ம். இப்ப நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"நிறுத்துங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"நிறுத்துங்கன்னு சொல்றேன். இன்னும் விட்டுக்கிட்டேதானே இருக்கீங்க?"

மெக்கானிக் உதடுகளை இறுக்கி மூடினான். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்தான். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, ஊதி, மறுபடி வைத்தார். பிறகு காதிலிருந்து மெதுவாகக் கழற்றினார். அவர் பார்வை அவன் முகத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. மனைவியின் பார்வையும் இறங்கியது.

வலப்பக்கம் அசையாமல் இருந்தது. இடப்பக்கம் மட்டும், தூங்குகிறவனுடையது போல, மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.