எல்லா மெஷினுக்கும் ஒரே லைசன்ஸ்

கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை லீவு என்பதை மறந்து, பினாங்கிலிருந்து கம்பைலர் விற்க வந்தவனை என்னவென்று சொல்வது? சுங்கைப் பட்டாணி பல்கலைக்கழக மையத்தின் வாசலில் தொப்பலாக நனைந்து நின்றான் மனோகரன். காவலாளிகூட இல்லை. மாணவர்களின் புரோகிராம்களைத் திருத்த வந்திருந்த ஆசிரியை அகத்தாதான் கதவைத் திறந்தாள். அவன் கண்கள்... ஈர இமைகளுக்குள் ஏன் இப்படிச் சிரிக்கின்றன? அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல்தானா?

விலையைக் கேட்டதும் எரிச்சல்தான் என்று தெரிந்துவிட்டது. எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அதற்கு ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி லைசன்ஸாம். மையத்திடம் இருந்த காசு இரண்டு மெஷினோடு தீர்ந்துவிடும். பாடாங் செராய் ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்ப்பதா? இந்தப் பருவம் முடிவதற்குள் கம்பைலர் வராவிட்டால் வகுப்பையே மூடிவிடுவார்கள்.

அவள் முகம் வாடியதைப் பார்த்து அவன் குரலைத் தாழ்த்தினான். "டிஸ்கெட்ட வெச்சிட்டுப் போறேன் டீச்சர். காப்பி பண்ணிக்குங்க... நான் பாக்கல லா."

டிஸ்கெட்டை அவன் பைக்குள்ளேயே திணித்தாள் அகத்தா.

"தோட்டத்துப் புள்ளைங்கன்னா திருடித்தான் படிக்கணுமா? எல்லா மெஷினுக்கும் சேத்து ஒரே லைசன்ஸ், எங்களுக்குக் கட்டுப்படியாகுற விலையில. ஒங்க பாஸ்கிட்ட சொல்லுங்க. முடியலன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

அவன் மழையில் இறங்கிப் போனான். போகட்டும்... ஆனால் பஸ் சத்தம் கேட்டாலே ஜன்னல் பக்கம் ஓடுகிற கண்களை என்ன செய்வது?

பருவம் முடியும் வாரத்தில் வந்தான். கையில் அவள் கேட்ட அதே லைசன்ஸ். அவளுக்குச் சுருக்கென்றது. தன் கமிஷனை விட்டுக்கொடுத்தானோ? அப்படியானால் இது பிச்சை, வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

மனோகரனுக்குக் கோபம் வந்தது. மற்ற மையங்களையும் சேர்த்துப் பிடித்து, வேலையை விட்டுவிடுவேன் என்று முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிய விலை அது. கம்பெனிக்கும் லாபம்தான்.

"நீங்க பேசினதத்தான் போற எடமெல்லாம் பேசினேன். எல்லா மையமும் சேந்து வாங்குற வெல இது, என் கமிஷன் இல்ல. பிச்சைன்னு சொல்லாதீங்க டீச்சர்."

அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் மாரியம்மன் கோயில், இவள் மாதா கோயில்... அப்பா இஞ்ஞாசிமுத்து வீட்டில் ஆடித் தீர்த்துவிடுவார். ஆடட்டும்.

"மனோகரன்... வீட்ல யாரு என்ன சொன்னாலும் சரி, எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு. இதுல பேரம் கிடையாது."

ஊர் ஊராகப் பேரம் பேசியவன், அவள் சொன்ன விலைக்கே சரி என்று தலையை ஆட்டினான்.