ஜாடியில் மிஞ்சிய சேறு

ஈனிட் டக்வெல் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் ஆஸ்பர்ட் தேலின் சமையலறை மேசையை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அவருடைய தேநீர் பாதி தட்டில் கொட்டியது.

"என்னைத் திருடின்னு சொல்லிட்டான்! நீலப்பன்றி பார்ல, ஊரே பீர் குடிச்சிக்கிட்டு இருக்கறப்ப, என் மூஞ்சிக்கு நேரா!"

"யாரு?" என்றாள் க்வென் லட்கின். நார்ஃபோக் மாவட்டத்தின் அந்த மூலையில் தபால் வண்டி ஓட்டுகிறவள் அவள். சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற தேலுக்குக் கடிதம் கொடுக்கும் சாக்கில் தினமும் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஊரில் ஏதாவது காணாமல் போனால் கண்டுபிடிப்பது அவர், ஓடுவது இவள் என்று ஆகிவிட்டது.

"யாரா? ரோலண்ட் பெக்! நம்ம கிளப் தலைவர்!"

தேல் கொட்டிய தேநீரைத் துடைத்தார். "உட்காருங்க ஈனிட். முதல்லேர்ந்து சொல்லுங்க."

அடுப்பருகே ரொட்டி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. ஈனிட் அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். க்வென்தான் மூக்கைப் பிடித்தபடி ஓடிப்போய் அணைத்தாள். கொரோனா வந்து போனதிலிருந்து ஈனிட்டுக்கு வாசனையே தெரிவதில்லை.

விஷயம் இதுதான். மண்ணில் புதைந்த பழம்பொருளைக் கருவியால் தேடும் மெட்டல் டிடெக்டர் கிளப்காரர்கள் ஆற்றோர வயலில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, பெக்குக்கு ஒரு மண்கட்டி கிடைத்தது. அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளி ப்ரூச்சின் விளிம்பு எட்டிப் பார்த்தது. மேலங்கியைக் கழுத்தடியில் குத்திக்கொள்ளும் பழங்கால ஊசி. போனில் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டினான். இப்படிப்பட்ட பொருளைச் சட்டப்படி மாவட்டத் தொல்பொருள் அலுவலர் மெரியல் காஸிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்னால் மண்ணை நீக்குவது ஈனிட்டின் வேலை. காய்ச்சி வடித்த நீர், மூங்கில் குச்சி, வெறும் விரல்கள். அவ்வளவுதான் அவளுடைய ஆயுதங்கள்.

"ரெண்டு வாரம் கழிச்சுத்தான் என்கிட்ட கொண்டாந்தான். நேரமில்லையாம். மண்ணோட அப்படியே வச்சிருந்தேன், கைகூடப் படலைன்னான். தண்ணியில போட்டேன். மேல வானவில் மாதிரி ஒரு படலம் மிதந்துச்சு. டிராக்டர் ஓடற வயல்தானேன்னு விட்டுட்டேன். மண்ணு போனதும் எனக்கே உறுத்துச்சு. ஓரமெல்லாம் கூரா, நேத்து செஞ்ச மாதிரி. 'எனக்குச் சந்தேகமா இருக்கு'ன்னு மெரியல்கிட்ட சொல்லித்தான் குடுத்தேன்."

"அவங்க?"

"கண்காட்சியில விக்கிற போலின்னு ஒரே பார்வையில சொல்லிட்டாங்க. உடனே பெக்கு, நான் அசலை அமுக்கிட்டு போலியை வச்சிட்டேன்னு கத்தறான். நான் முந்திக்கிட்டுச் சந்தேகம்னு சொன்னதே தப்பிக்கறதுக்காம்! கிளப்புல என்னை நிறுத்தி வச்சிட்டாங்க. ஒருத்தர்... ஒரே ஒருத்தர் வாயத் திறக்கல, தேல்!"

க்வென் கையிலிருந்த கடிதக்கட்டை மேசைமேல் எறிந்தாள். ஊரில் பாதிப்பேர் தோண்டியெடுத்த பொத்தானையும் காசையும் இந்தப் பெண்மணி உட்கார்ந்து உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுத்திருக்கிறாள். நன்றி கெட்ட கூட்டம்.

தேல் ஈனிட்டின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தடித்துச் சிவந்து, தோல் உரிந்திருந்தன. "இது என்ன?"

"கோபத்துல வந்திருக்கும்" என்று ஈனிட் கையை இழுத்துக்கொண்டாள்.

"கோபம் வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவள் யோசித்தாள். "முன்னாடிதான். ப்ரூச்சைக் கழுவின அன்னிக்கே அரிக்க ஆரம்பிச்சிடுச்சு."

"கழுவின தண்ணியை என்ன பண்ணீங்க?"

"அதை எவன் கொட்டுவான்? சேத்துல துணுக்கு ஏதாவது இருக்கும். எப்பவும்போல ஜாடியில ஊத்தி மூடி, ப்ரூச்சோட மெரியல்கிட்டயே குடுத்துட்டேன்."

மெரியலின் அலுவலக அலமாரியில் அந்த ஜாடி மூடியபடியே இருந்தது. அடியில் பழுப்புச் சேறு. அதில் பச்சைக் கறை திட்டுத்திட்டாக. மேலே எண்ணெய்ப் படலம். தேல் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு க்வென்னிடம் நீட்டினார்.

"மீன் நாத்தம்" என்றாள் க்வென். "ஆத்தோரத்துச் சேறு, வேற எப்படி நாறும்?"

"பச்சைக் கறை எதனால வரும்?" என்று தேல் மெரியலைக் கேட்டார்.

"பழைய வெள்ளியில செம்பு கலந்திருக்கும். நூத்துக்கணக்கான வருஷம் மண்ணுல கிடந்தா அது கசிஞ்சு பச்சையாகும்."

"போலிக்கு வராது?"

"வரவே வராது. இது அசலைச் சுத்தியிருந்த மண்ணுதான்."

"போச்சு!" என்று க்வென் தலையில் கைவைத்தாள். அசலின் மண் ஈனிட்டின் ஜாடியில் இருந்தால், அசல் ஈனிட்டிடம் வந்தது என்றுதானே ஆகிறது? தேல் மட்டும் மூடியைத் திருகிக்கொண்டே, பெக்கின் குப்பைத்தொட்டியில் வழக்கமாக என்ன கிடக்கும் என்று அவளைக் கேட்டார்.

"அவன் தொட்டியா? மத்தி மீன் டப்பாதான், மலையா. வேற எதையும் திங்கமாட்டான் போல. அதைப் போய் ஏன் கேக்கறீங்க?"

"நாளைக்கு இந்த ஜாடி எனக்கு வேணும்" என்றார் அவர் மெரியலிடம்.

மறுநாள் மாலை நீலப்பன்றியின் பின்னறையில் கிளப்பே கூடியது; மெரியலும் வந்திருந்தாள். பெக் கையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஈனிட் சுவரோரம் நின்றாள். தேல் ஜாடியை மேசைமேல் வைத்தார்.

"பெக், ஈனிட்கிட்ட குடுக்கறவரைக்கும் அந்தக் கட்டியை நீங்க தொடவே இல்ல?"

"எத்தனை தடவை சொல்றது? விரல்கூடப் படல."

"அப்போ இந்தச் சேத்துல மீன் எண்ணெய் எப்படி வந்தது?" தேல் ஜாடியைத் திறந்து முன்வரிசைக்குக் கொடுத்தார். ஒவ்வொருவராக முகர்ந்து முகம் சுளித்தார்கள். "ஆலிவ் எண்ணெய்ல ஊறின மத்தி. ஒட்டின மண்ணு இளகறதுக்குப் பழைய காசை எண்ணெய்ல ஊறப்போடறது உங்கள்ல நிறைய பேருக்கு வழக்கம்னு மெரியல் சொன்னாங்க. நல்ல எண்ணெய் வாங்க மனசில்லாதவங்க டப்பா எண்ணெயை வடிச்சு வச்சுக்குவாங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெக்கின் சிக்கனம் ஊரறிந்தது.

பெக் எழுந்தான். "அவளே எண்ணெய்ல போட்டிருப்பா! என்மேல ஏன் பழி போடறே?"

"எண்ணெயா? நானா?" ஈனிட் சீறினாள். "எதையும் எண்ணெய்ல போடாதேன்னு உன்னைத் திட்டித் திட்டியே என் தொண்டை வத்திப்போச்சுடா!"

"திட்டினதை விடுங்க" என்றார் தேல் அமைதியாக. "இங்க மீன் வறுக்கற அன்னிக்கு ஈனிட் எங்க உட்காருவாங்க?"

எல்லாரும் ஈனிட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். மீன் பட்டாலே அவளுக்குத் தோல் தடித்துவிடும்; அன்றைக்கெல்லாம் வாசலில் தனியாக உட்கார்ந்து குடிப்பாள்.

"மீன் எண்ணெய்னு தெரிஞ்சே அவங்க அதுல வெறும் விரலை விடமாட்டாங்க. வாசனை தெரியாததாலதான் மாட்டிக்கிட்டாங்க. மெரியல், அவங்க ஜாடியைக் கொண்டுவந்தப்ப விரல் எப்படி இருந்தது?"

"வீங்கியிருந்தது. போலின்னு நான் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி. யாரும் யாரையும் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி."

"ஆக, எண்ணெய் இந்தச் சேத்தோடதான் அவங்க வீட்டுக்கு வந்திருக்கு." தேல் பெக்கின் பக்கம் திரும்பினார். "ரெண்டு வாரத்துல நீங்க கட்டியை எண்ணெய்ல போட்டு இளக்கி, அசலை எடுத்தீங்க. அதே மாதிரி ஒரு போலியை வாங்கி, அதே மண்ணைத் திரும்பப் பூசினீங்க. வேற மண்ணா இருந்தா மெரியல் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு பயம். அந்தப் பயம்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது."

"அசல் எங்கே?" என்று க்வென் கத்தியேவிட்டாள்.

"எண்ணெய்ல போட்டவங்க மாசக்கணக்குல ஊறவிடுவாங்களாம். வெறும் மண்ணை இளக்கறதோட இவரு விட்டிருக்கமாட்டாரு. இன்னும் அவர் கொட்டகையில ஊறிக்கிட்டுத்தான் இருக்கும்."

பெக் தொப்பென்று உட்கார்ந்தான். கொட்டகைச் சாவியை எடுத்து மேசைமேல் போட்டான்.

"வாழ்நாள் பூரா பாட்டில் மூடியா தோண்டினேன்" என்றான். "ஒண்ணு கிடைச்சது. ஒரே ஒண்ணு. அதையும் கண்ணாடிப் பெட்டியில கொண்டுபோய் வச்சிடுவாங்க. படத்தை எல்லார்கிட்டயும் காட்டித் தொலைச்சிட்டேன், எதையாவது குடுத்தாகணுமே..."

"அதுக்கு நான் திருடியா?" என்றாள் ஈனிட்.

அவன் தரையைப் பார்த்தான். க்வென்னுக்கு அவன் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. ஆசைப்பட்டுத் தொலைத்தான், சரி. பழிபோட ஆள் தேடியபோது, தன் பொத்தான்களையெல்லாம் கழுவிக்கொடுத்த கைதானா கிடைத்தது?

மெரியல் போலீசுக்குச் சொல்லிவிட்டு, சாவியோடு கொட்டகைக்குப் போய்த் திரும்பினாள். அவள் கொண்டுவந்த ஜாம் பாட்டிலுக்குள், எண்ணெயில் ப்ரூச் கிடந்தது. தேய்ந்த விளிம்பு; நடுவில் ஒன்றையொன்று பற்றியபடி செதுக்கிய இரு சிறு கைகள்.

"ஈனிட்" என்றான் பெக். "மன்னிச்சிடு."

"இங்க வேண்டாம்."

"என்ன?"

"திருடின்னு எங்க சொன்னே? இந்த ரூம்லயா?" அவள் பாருக்குப் போகும் கதவை அகலத் திறந்துவிட்டாள். அங்கே பலகையில் அம்பு எறிந்து விளையாடுகிறவர்களின் கூச்சல் உள்ளே வந்தது. "நட."

அவன் நடந்தான். பின்னாலேயே மொத்தக் கிளப்பும் போனது. பார் மேசையருகே நின்று அவன் தொண்டையைக் கனைத்தான். "ஒரு தப்பு நடந்துபோச்சு. ஈனிட் விஷயத்துல..."

"தானா நடந்துச்சா? யாரு பண்ணதுன்னு சொல்லு. சத்தமா!"

அம்பு எறிகிறவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"நான்தான் பண்ணேன்" என்றான் பெக். "எடுத்தது நான். ஈனிட் எதையும் எடுக்கல."

ஈனிட்டின் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கிளப்காரர் ஒருவர் மெல்ல முன்னால் வந்து, "ஈனிட், ஒரு பீர் வாங்கித் தரட்டுமா?" என்றார்.

"என் பீரை நானே வாங்கிக்குவேன்" என்றாள் ஈனிட்.